கீழக்கரையில் பழைய வீடு: சதுர அடிக் கணக்கில் சீரமைப்பு மதிப்பீடு வாங்கி ஏமாந்த விவரம்

ஷார்ஜாவில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறையில் இரண்டு முறை மட்டுமே நேரில் பார்த்திருந்த ஒரு பழைய வீட்டைக் கீழக்கரையில் 2021ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கினேன். அதைச் சீரமைத்துத் தர ஓர் ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு 14,80,000 ரூபாய். வேலை முடிந்துவிட்டது என்று அவர் சொன்ன நாளில் நான் கொடுத்து முடித்திருந்த தொகை 29,54,000 ரூபாய். அந்த வேலையில் பாதியை இப்போது இடித்துவிட்டு மறுபடியும் செய்ய வேண்டியிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு தொண்டி முதல் ஏர்வாடி வரை பழைய வீடுகளை விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் பலர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீடு 1,850 சதுர அடி. தெருவைப் பார்த்த திண்ணை, நடுவில் முற்றம், கூடத்தில் நான்கு தேக்குத் தூண்கள், கூடத்துக்கு மேலே தேக்கு உத்தரங்களை நெருக்கமாக அடுக்கி அவற்றின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக வைத்துச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் மாடி. கடல் அங்கிருந்து முந்நூறு மீட்டர்கூட இருக்காது. வீட்டை வாங்குவதற்கு முன் தரகர்தான் அந்த ஒப்பந்தக்காரரை அறிமுகப்படுத்தினார். ஒப்பந்தக்காரர் கைபேசியில் வீடு முழுவதையும் காணொளியாகப் படம் பிடித்து அனுப்பினார். மறுநாளே ஒரு பக்க மதிப்பீடும் வந்தது. சதுர அடிக்கு 800 ரூபாய் வீதம் 1,850 சதுர அடிக்கு 14,80,000 ரூபாய் என்பதுதான் அதன் சாரம். பூச்சு வேலை, தரை, மராமத்து, வண்ணம் என்று ஏழு வரிகள் இருந்தன. எந்த வரியிலும் அளவு இல்லை. எட்டாவது வரியில், கூடுதல் வேலைகளுக்குத் தனிக் கட்டணம் என்று எழுதியிருந்தது. அந்த வரியை நான் படித்தேன்; படித்தும் அதன் பொருளைக் கேட்காமல் 40 விழுக்காடு முன்பணமாக 5,92,000 ரூபாயை அனுப்பினேன்.

புதிய வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு ஓரளவு பொருந்தும்; ஏனென்றால் அங்கே எல்லாமே இனிமேல் வரப்போகிறவை. பழைய வீட்டில் செலவைத் தீர்மானிப்பது தரையின் பரப்பு அன்று. சுவருக்குள்ளும் உத்தரத்தின் நுனியிலும் தரைக்கு அடியிலும் எது கெட்டிருக்கிறது, எது கெடவில்லை என்பதுதான். அதைத் திறந்து பார்க்காமல் ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னால், அவர் அந்த வீட்டைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததைச் சொல்லவில்லை. என் விஷயத்தில் நடந்தது இரண்டாவது என்றே நம்புகிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

2022 பிப்ரவரியில் வேலை தொடங்கி மூன்றாவது வாரத்தில், பழைய பூச்சைத் தட்டியதும் சுவர் கொட்டுகிறது என்று குரல் செய்தி வந்தது. "அண்ணே, இது செங்கல் சுவர் இல்லண்ணே, எல்லாம் பவளக்கல்லு. இதுல நான் சொன்ன ரேட்டுக்குப் பூச முடியாது" என்றார். முருகைக்கல் என்றும் சொல்லப்படும் பவளக்கல்லால் சுவர் எழுப்புவது மன்னார் வளைகுடா ஓரத்து ஊர்களில் நெடுநாள் வழக்கம். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களைப் பார்த்தவர் எவருக்கும் அது தெரியும். அதே ஊரில் பிறந்து, அதே தெருக்களில் இருபது ஆண்டுகள் கட்டட வேலை செய்ததாகச் சொன்னவருக்கு அது மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது என்பதை எப்படி ஏற்பது? பிற்பாடு அவர் அனுப்பிய படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எல்லா அறைகளிலும் தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். உப்பு ஏறிப் பூச்சு பொரிவதும் சரியாக அந்த உயரத்தில்தான். சுவர் வேலைக்குக் கூடுதலாக 3,40,000 ரூபாய் கேட்டார். பூச்சில்லாமல் நிற்கும் சுவரோடு வேலையை நிறுத்த முடியாத நிலையில் ஒப்புக்கொண்டேன். பழுதான இடங்களுக்கு அதே கல்லை இரவோடு இரவாகக் கொண்டுவந்துவிடலாம் என்றும் சொன்னார். அதற்கு மட்டும் கண்டிப்பாக மறுத்தேன். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. 2001 முதல் பவளப்பாறைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தக் கல்லை வாங்குபவரும் குற்றவாளியே.

அந்தச் சுவருக்கு மேல் அவர் பூசியது சிமெண்ட். இது தவறு என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. தரையிலிருந்து ஏறும் உவர் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல வெளியே விட்டுவிடும்; சிமெண்ட் பூச்சு அடைத்துக்கொள்ளும். அடைபட்ட ஈரம் காயும்போது உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சையே தள்ளிவிடும். 2023 கோடையில் அடுப்படிச் சுவர் வெள்ளை பூத்து, தட்டினால் பொள்ளலாக ஓசை எழுப்பியது; கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்கிய பிறகு தெற்குப் பார்த்த அறையிலும் காரை பெயர்ந்து விழுந்தது.

பணத்தைவிட எனக்கு அதிகம் வலிப்பது மாடி. கூடத்துக்கு மேலே 22 தேக்கு உத்தரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 11 அடி நீளம், 5 அங்குல அகலம், 7 அங்குல உயரம். சுவருக்குள் செருகியிருக்கும் நுனிகள் ஈரத்தில் மக்கிவிட்டன, மாடி எந்த நேரமும் இறங்கிவிடும், முழுவதையும் எடுத்துவிட்டுக் காங்கிரீட் போடுவதே வழி என்றார். பொடிப்பொடியாக உதிரும் ஒரு நுனியின் படத்தையும் அனுப்பினார். 360 சதுர அடித் தளத்துக்கு 7,25,000 ரூபாய், அதாவது சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்கும் மேல். மாடி இறங்கிவிடும் என்ற சொல்லைக் கேட்ட பிறகு, கீழே நடமாடப்போகிற அம்மாவை நினைத்து மறு பேச்சுப் பேசாமல் பணத்தை அனுப்பினேன். இறக்கிய உத்தரங்கள் என்னவாயின என்று அடுத்த விடுமுறையில் கேட்டபோது, இடிபாட்டோடு போய்விட்டன என்றார். வேலை நடந்தபோது அம்மா எடுத்திருந்த படங்களைப் பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் மாமாவிடம் காட்டினேன். ஒவ்வொரு படமாக எண்ணிவிட்டு, "ஏழு கட்டையிலதான் நுனி போயிருக்கு மாப்ள. மிச்சம் பதினஞ்சும் முழுசா இருக்கு. இந்த ஏழுலயும் கெட்ட நுனிய அறுத்துட்டு ஒட்டுக்கட்டை போட்டு, அடியில ஒரு தாங்கு உத்தரம் கொடுத்திருந்தாப் போதும்" என்றார். 22 உத்தரங்களும் சேர்ந்து 58 கன அடிக்கும் சற்று மேலான தேக்கு. கன அடிக்கு 3,000 ரூபாய் என்று மிகக் குறைத்துப் பிடித்தாலும் 1,74,000 ரூபாய். காரைக்குடிக் கடைகளில் பழைய வீட்டுத் தூணும் கதவும் நிலையும் என்ன விலைக்குப் போகின்றன என்பதை அறிந்த எவரும் அதை இடிபாட்டோடு கொட்டமாட்டார்கள். மதிப்பீட்டில் பழைய பொருள்கள் யாருக்குச் சேரும் என்று ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் இன்றுவரை என்னால் எதையும் மெய்ப்பிக்க முடியவில்லை.

அடுத்தது தண்ணீர். எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் உவர் என்பதால் கட்டட வேலைக்கு லாரித் தண்ணீர் வாங்குவது வழக்கம். லாரி ஒன்றுக்கு 1,600 ரூபாய் வீதம் 40 லாரிக்கு 64,000 ரூபாய் என்னிடம் வாங்கினார். பக்கத்து வீட்டுப் பெரியவரை நாங்கள் காக்கா (எங்கள் ஊரில் அண்ணன் என்று பொருள்) என்றுதான் கூப்பிடுவோம். 2023இல் அடுப்படிச் சுவரைப் பார்க்க வந்தவர், "தம்பி, தளம் போட்ட அன்னைக்கு நான் திண்ணையிலதான் உக்காந்திருந்தேன். உங்க கிணத்துத் தண்ணியத்தான் மோட்டார் போட்டு இறைச்சாங்க. இந்தச் சந்துக்குள்ள லாரி எப்படி வரும்?" என்று கேட்டார். எங்கள் தெருவின் அகலத்தை நினைத்தபோதுதான் எனக்கே உறைத்தது. மணலையும் சல்லியையும் பெரிய தெருவிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்ததாகச் சொல்லி இடிபாட்டு அகற்றலோடு சேர்த்து 1,15,000 ரூபாய் தனியாக வாங்கியவர், அதே தெருவுக்குள் தண்ணீர் லாரி வந்ததாகவும் கணக்கு எழுதியிருந்தார்.

கிணற்று நீரைச் சோதித்தபோது லிட்டருக்கு 2,300 மில்லிகிராம் குளோரைடு இருந்தது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி. கடலோரக் காற்று நேரடியாகப் படும் கட்டடத்துக்கு எம் 30 என்னும் உறுதித் தரமுள்ள காங்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடு கனமும் வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. எங்கள் தளத்தை ஓரிடத்தில் கொத்திப் பார்த்தபோது கம்பி 15 மில்லிமீட்டர் ஆழத்திலேயே தென்பட்டது. உப்பு கம்பியை அரிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். 2024 ஆகஸ்டில் கூடத்து விட்டத்தில் கம்பிகள் ஓடும் வரிசையிலேயே பழுப்புக் கோடுகள் தெரியத் தொடங்கின. நூறாண்டு நின்ற தேக்கு மாடியை எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டில் துருப்பிடிக்கும் தளத்தைப் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மின்கம்பியும் குழாயும் மதிப்பீட்டில் இல்லை என்று சொல்லி 2,30,000 ரூபாய் வாங்கியதை விரிவாக எழுதப்போவதில்லை. வீடு உயர் ஓத எல்லையிலிருந்து (கடல் நீர் உச்சமாக ஏறும் கோட்டிலிருந்து) 500 மீட்டருக்குள் இருப்பதால் கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமா பிறகு அதே வீட்டுக்கு, வேலை தொடங்குவதற்கு முன் எப்படி மதிப்பிட்டிருக்க வேண்டுமோ அப்படி ஒரு மதிப்பீடு எழுதிக் காட்டினார். பதினெட்டுப் பக்கம். ஒவ்வொரு அறைச் சுவரின் நீளம், உயரம், கனம். எத்தனை சதுர அடிப் பூச்சு தட்ட வேண்டும், எத்தனை கன அடிக் கல் மாற்ற வேண்டும். உத்தரங்கள் எண் போட்டு, ஒவ்வொன்றின் நிலையும் எழுதி. சுண்ணாம்பு ஊறவைக்க ஆகும் நாள், சாரம், தலைச்சுமை, இடிபாடு, ஐப்பசி கார்த்திகை மழையில் வேலை நிற்கும் வாரங்கள் எல்லாம் தனித்தனியாக. பொதுப்பணித்துறை விலைப்பட்டியலை அடிப்படையாக வைத்து, எங்கள் ஊர்க் கூலிக்கேற்பத் திருத்தி, எதிர்பாராத செலவுக்கு 15 விழுக்காடு சேர்த்தபோது 22,60,000 ரூபாய் வந்தது. ஆகவே அந்த வீட்டின் உண்மைச் செலவும் 14,80,000 அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் குறை செலவு கூடியது பற்றியது அன்று. 22,60,000 என்று முதலிலேயே தெரிந்திருந்தால் வீட்டு விலையைக் குறைத்துக் கேட்டிருப்பேன், அல்லது முன்கட்டை மட்டும் முதலில் செய்திருப்பேன், அல்லது அந்த வீட்டை விட்டேயிருப்பேன். குறைத்துச் சொன்ன மதிப்பீடு அந்த மூன்று வழிகளையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆனால் செய்யக்கூடியதை விலை பேசுவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஒப்பந்தம் எடுக்கப்போகிறவரோடும் தரகரோடும் தொடர்பில்லாத ஒரு பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்து அனுப்புங்கள். அறைக்கு ஓரிடமாவது முழங்கால் உயரத்தில் பூச்சைத் தட்டிச் சுவரைப் பார்க்கவும், உத்தரங்களின் நுனியை உளியால் குத்திப் பார்க்கவும் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். மரச் சாமான்களை எண்ணி, அளந்து, படமெடுத்து, அவை வீட்டுக்காரருக்கே உரியவை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பணத்தை முடிந்த வேலையை அளந்த பிறகே கொடுங்கள். பத்து விழுக்காட்டையாவது ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வையுங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் அளவும் விலையும் எழுத்தில் வந்த பிறகே சம்மதியுங்கள். நான் ஒவ்வொரு கூடுதலுக்கும், சரி செய்யுங்கள் என்று குரல் செய்தியில் சொன்னேன். அந்தக் குரல் செய்திகளைத்தான் எதிர்த்தரப்பு இப்போது ஆணையத்தில் எனக்கு எதிராக வைத்திருக்கிறது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவர் இழுத்த இழுப்பில் அதில் பெரும்பகுதி எனக்குக் கழிந்துபோனது.

இப்போது அடுப்படியிலும் தெற்கு அறையிலும் சிமெண்ட் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டோம். முற்றத்தில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பு ஊறுகிறது. குடிநீரை வாங்கி, குடம் குடமாகச் சுமந்துவந்துதான் ஊற்றுகிறோம். கூடத்துத் தளத்துக்கு இரும்புத் தாங்கிகள் கொடுத்திருக்கிறோம். அதை இறக்குவதற்கான அளவெடுப்பு தை மாதம் தொடங்குகிறது. அதுவரை கூடத்தில் படுக்க வேண்டாம் என்று சொன்னதால், அம்மா இரவில் திண்ணையை ஒட்டிய சின்ன அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறார்.