தீமிதி விறகுக்கு எந்த வண்டியை அழைப்பது?

பெரிய வெள்ளியை ஒட்டித் தீமிதி நடத்தும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்துக் கோயில்களுக்கு விறகு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, வளர்ப்புக் காட்டில் குத்தகைக்கு வெட்டுகிறவர்களின் லாரி. மற்றது, தெருவோரம் நின்று விற்கும் ஒரு டன் பக்கி, அதாவது பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி. பக்கி மலிவுதான். ஆனாலும் எங்கள் ஓட்டு லாரிக்கே.

முதலில் விறகைப் பார்ப்போம். டர்பனுக்கு உள்பக்கமுள்ள மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து லாரியில் வருவது பெரும்பாலும் பிளாக் வாட்டில் என்ற வேல மர வகை. தோல் பதனிடுவதற்காகப் பட்டையை உரித்துவிட்ட கட்டை என்பதால் சீக்கிரம் காயும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழை. ஈஸ்டர் அதன் வாலில் வருகிறது. வெட்டவெளியில் அடுக்கிய விறகு அப்போது நனைந்தேதான் இருக்கும். குழியில் புகை மண்டும், கங்கு நிற்காது. ஆகவே ஆறு மாதமாவது கூரையடியில் கிடந்த கட்டையா என்று கேளுங்கள். இரண்டு கட்டைகளை மோதினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் உள்ளே ஈரம். அடிமுனையில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருந்தால் நல்லது. பட்டையுள்ள கட்டையில் பேனா முனை அளவு துளைகள் தெரிந்தால் இறக்கவே விடாதீர்கள். 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டறியப்பட்ட துளைப்பான் வண்டு, விறகோடுதான் ஊர் ஊராகப் போகிறது.

பக்கிக்காரர் லெட்வுட், கமீல்டோரிங் என்ற காட்டு மரங்களைச் சொல்லி ஆசை காட்டுவார். லெட்வுட் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். கங்கு விடிய விடிய நிற்கும். உண்மைதான். ஆனால் இரண்டுமே பாதுகாக்கப்பட்ட மரங்கள். 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் வெட்டுவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் வாங்குவதும் வண்டியில் ஏற்றுவதும் குற்றம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிடிபட்டால் விறகு போகும், அபராதம் கட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். வண்டியும் போகலாம். 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 35ஆம் பிரிவில், குற்றம் உறுதியானால், குற்றத்தின் வகையைப் பொறுத்து, அதற்குப் பயன்பட்ட வண்டியை நீதிமன்றம் அரசுக்குப் பறிமுதல் செய்யலாம். கோயிலுக்கென்று ஒரு பக்தர் பக்கியை இரவல் கொடுத்திருந்தால், அதைத் திரும்பப் பெறும் பாரம் அவர் தலையில் விழும்: வண்டி குற்றத்துக்குப் பயன்படுவது தனக்குத் தெரியாது, அல்லது தன்னால் தடுத்திருக்க முடியாது என்று அவரே நிரூபிக்க வேண்டும். உத்தரவுக்குப் பிறகு வண்டியை 30 நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் மனு போட்டால் முடிவு தெரியும்வரை வண்டி அப்படியே இருக்கும். உரிமை கோர மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் 30 நாளைத் தாண்டினால் வண்டி கையைவிட்டுப் போயிருக்கலாம். தவணையில் வாங்கிய வண்டி என்றால் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள், அவர்கள் உரிமைக்கும் அதே பிரிவில் இடமுண்டு. மரத் திருட்டு என்றால் 1998ஆம் ஆண்டின் ஒழுங்கமைக்கப்பட்ட குற்றத் தடுப்புச் சட்டமும் பாயலாம். அதில் வண்டியைப் பறிக்க யாரும் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. வண்டியை முடக்கும் உத்தரவின் அறிவிப்பு கையில் கிடைத்த 14 நாளுக்குள் எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

லாரிக்கு எங்கள் ஓட்டு விழுவது இதனால்தான். நல்ல சேவை என்றால் விறகு இறங்கும் முன்பே ஓட்டுநர் சீட்டை நீட்டுவார். மரத்தின் பெயர், அளவு, வெட்டிய பண்ணை, தேதி, லாரியின் எண் ஐந்தும் அதில் இருக்க வேண்டும். எண் பொருந்தாத சீட்டு வேறொரு பயணத்தின் சீட்டு. 'பின்னால் அனுப்புகிறேன்' என்று சொன்னால் பணத்தை நிறுத்துங்கள்.

லாரியில் குறை இல்லாமல் இல்லை. நீளக் கட்டையாகவே கொட்டிவிட்டுப் போவார்கள், அறுத்துப் பிளக்கத் தனிக் கூலி. சிறிய கோயிலுக்கு ஒரு முழு லோடு அதிகம். பக்கத்துக் கோயிலோடு பங்கு போட்டு, சீட்டில் இரண்டு இறக்குமிடத்தையும் எழுதச் சொல்லுங்கள். செப்டம்பருக்குள் சொல்லிவைத்தால் ஈஸ்டருக்குக் காய்ந்த கட்டை கிடைக்கும்.