பி.எம்.2.5 அளக்க: லேசர் சென்சாரா, பீட்டா கருவியா?

ஊர்க் காற்றில் பி.எம்.2.5-ஐ, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகள்களை, தொடர்ந்து அளக்கக் கிளம்பும் குழுக்கள் முதலில் தடுமாறுவது எந்தக் கருவியை வாங்குவது என்பதில்தான்.

விலை: பி.எம்.எஸ்.5003 போன்ற லேசர் சென்சார் சில ஆயிரம் ரூபாய். பீட்டா கருவிக்குப் பல லட்சம், ஏ.சி. அறையும் தடையில்லா மின்சாரமும் தனி.

அளக்கும் விதம்: லேசர், துகள் சிதறடிக்கும் ஒளியை வைத்து எடையை ஊகிக்கிறது. பீட்டா கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுத்துத் துகள்களை வடிகட்டி நாடாவில் படியவைக்கிறது. அதன் வழியே போகும், கார்பன்-14 வெளிவிடும் பீட்டா கதிர் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து எடையைக் கணக்கிடுகிறது.

ஈரப்பதம்: பெரிய சிக்கல் இதுதான். சென்னையின் மார்கழி விடியலில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பும். லேசர் அதையும் தூசியாகவே காட்டும். பீட்டா கருவியின் உறிஞ்சுகுழாயில் ஹீட்டர் இருப்பதால் இந்தப் பிழை குறைவு. லேசர் வைப்பவர்கள் ஈரப்பதத்தையும் கூடவே பதிய வேண்டும். பீட்டா கருவி ஒன்றின் பக்கத்தில் சில வாரம் ஓடவிட்டு, இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டு லேசர் அளவைச் சரிசெய்யும் திருத்தச் சமன்பாடு போடுங்கள். மழைக்காலத்தில் மறுபடியும் போடுங்கள், பழையது பொருந்தாது.

பராமரிப்பு: லேசரில் விசிறியில் தூசி அடைந்து அளவு மெல்ல நழுவும். பீட்டாவில் நாடா மாற்றம், முனை சுத்தம், கசிவுச் சோதனை.

இந்தியாவின் 24 மணி நேர வரம்பான, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டியது என்று பசுமைத் தீர்ப்பாயத்தில் வாதாட பீட்டா அளவுதான் நிற்கும். எந்தத் தெருவில், எந்த நேரத்தில் மோசம் என்று பிடிக்க, பத்து லேசர் சென்சார்களே மேல்.