குழாய் முனை ஃபில்டர்: பேசினை அளந்துவிட்டு வாங்குங்கள்

எங்கள் என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) கை கழுவும் குழாய்களுக்கு 0.2 மைக்ரான் ஃபில்டர் மாட்டியிருக்கிறோம். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. இந்த வகை ஃபில்டர் எதை வாங்கினாலும் இதெல்லாம் பொருந்தும்.

எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா எமன். 2012 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட் ராயல் ஜூபிலி மகப்பேறு மருத்துவமனையில் மூன்று குழந்தைகள் அதனால் இறந்தன. தேடிப் பார்த்தால் கிருமி குழாய்க்குள்ளேயே இருந்தது. தண்ணீர் சிதறாமல் நேராக விழ உள்ளே வைக்கும் சிறு துண்டில் படலமாகப் படிந்திருந்தது. நம் பிளம்பர்கள் குழாய் வாயில் திருகிவிட்டுப் போகும் சல்லடை மாதிரியான ஏரேட்டரும் அதன் பங்காளிதான்.

சூடோமோனாஸின் பருமன் சுமார் அரை மைக்ரான். 0.2 மைக்ரான் துளையில் அது நுழையாது. எங்கள் லேபும் அதையே சொல்கிறது: ஃபில்டர் வழியாக வந்த தண்ணீரில் சூடோமோனாஸ் வளரவில்லை. வடிகட்டும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆயுள்தான் பிரச்சினை. பெட்டியில் 31 நாள் என்று போட்டிருக்கும். எங்கள் போர்த் தண்ணீருக்கு அது நடக்காத கதை. பாதி மாதத்திலேயே அடைத்துக்கொண்டு நூல் மாதிரி ஒழுகும். அவசரத்தில் இருக்கிற டாக்டர்களுக்குக் கை கழுவாமல் நழுவ இது போதாதா? லைனில் முன்னாலேயே 5 மைக்ரான் பஞ்சு ஃபில்டர் போட்டபின் பரவாயில்லை.

டீலர்கள் சொல்லாத இன்னொன்று: மாட்டியதும் தண்ணீர் வரும் வாய் கீழே இறங்கிவிடும். பேசின் ஆழமில்லை என்றால் கை அதில் இடிக்கும், கீழிருந்து தண்ணீர் தெறிக்கும். வடிகாலில் இருக்கும் கிருமி இப்படி வெளிப்பக்கமாக ஏறிவிட்டால் உள்ளே எத்தனை மெல்லிய சவ்வு இருந்தும் பயனில்லை. தண்ணீர் நேராக வடிகால் ஓட்டையில் விழாத பேசினாகவும் இருக்க வேண்டும். எங்களுடைய இரண்டு பேசின்களை மாற்ற வேண்டி வந்தது. அந்தச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இல்லை.

“இது இருந்தால் டேங்க் பற்றிக் கவலையே வேண்டாம் சிஸ்டர்” என்பார்கள் டீலர்கள். நம்பாதீர்கள். நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி தண்ணீரில் 20 முதல் 45 டிகிரி வரை பெருகும். பிரிட்டனில் குளிர்ந்த தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழேயும், வெந்நீரை 60 டிகிரியிலும் வைக்கச் சொல்கிறார்கள். மே மாதத்து மொட்டைமாடி டேங்கில் 20 டிகிரிக்கு எங்கே போவது? அதனால் டேங்க் கழுவுவது, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சுகிறதா என்று பார்ப்பது, ஆளில்லாத அறைகளில் குழாயைத் திறந்து ஓடவிடுவது எல்லாம் அப்படியே தொடர வேண்டும். இன்குபேட்டருக்கு ஊற்றுவதும் ஸ்டெரைல் தண்ணீர்தான், ஃபில்டர் தண்ணீர் அல்ல.

என் மதிப்பெண் 5க்கு 3.5. என்ஐசியூ, கீமோ வார்டு, தீக்காயப் பிரிவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பொது வார்டுக்கு வேண்டாம், அந்தப் பணத்தில் பழைய பைப்பை மாற்றுங்கள்.

அப்புறம், மாற்றிய தேதியை ஃபில்டர் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ரெஜிஸ்டரில் மட்டும் இருந்தால் நைட் டியூட்டி சிஸ்டருக்குத் தெரியாது. ஒரு மாதச் சரக்காவது கையில் இருக்கட்டும். ஒரு தீபாவளி வாரத்தில் எங்கள் சப்ளையர் போனையே எடுக்கவில்லை.