சிம்மக்கல்லில் அடித்த பயோடேட்டாவை மாற்றி இரண்டு வருஷம்

பி.காம் முடித்ததும் சிம்மக்கல் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து வாங்கியதுதான் என் முதல் பயோடேட்டா. அப்பா பெயர், மதம், ரத்த வகை, கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி, இடம் மதுரை, எல்லாம் உண்டு. மூன்று வருஷம் கப்பலூரில் வேலை பார்த்த பிறகும் வேலையைப் பற்றி ஒரே வரிதான் சேர்த்திருந்தேன்: அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், டாலி தெரியும் (டாலி என்பது கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்). 60 இடத்துக்கு அனுப்பினேன், இரண்டு அழைப்பு வந்தது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் ஹெச்.ஆர். வேலை. வாங்கிப் பார்த்துவிட்டு, "மாசம் எத்தனை பில்லு போடுவ தம்பி?" என்று கேட்டார். நானூறு இருக்கும் என்றேன். "அதை எங்க எழுதியிருக்க?"

அன்று ராத்திரியே மாற்றினேன். மாதம் சுமார் 400 பில் டாலி பிரைமில் பதிவு, ஈ-வே பில் (சரக்கு அனுப்ப எடுக்கும் ஆவணம்), 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதிக்குள் 3பி (மாத வரிக் கணக்கு) தாக்கலுக்குக் கணக்கு தயார் செய்தது, சப்ளையர் பில்லோடு 2பி (வாங்கிய சரக்குக்கு ஜிஎஸ்டி தளத்தில் வரும் பட்டியல்) ஒத்துப்பார்த்தது. இதெல்லாம் தினமும் செய்த வேலை, ஆனால் எழுதத் தோன்றவே இல்லை. மதம், ரத்த வகை போனது, இரண்டு பக்கம் ஒரு பக்கமானது.

அப்புறம் ஒரு தப்பு செய்தேன். இலவசமாகக் கிடைத்த கலர் டெம்ப்ளேட்டில், இடது பக்கம் ஒரு பட்டை, வலது பக்கம் ஒரு பட்டை என்று அழகாகப் போட்டேன். ஒரு மாதம் சத்தமே இல்லை. பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால், கம்பெனி பெயருக்கு நடுவில் பத்தாம் வகுப்பு மார்க் வந்து நிற்கிறது, போன் நம்பரைக் காணவே காணோம். நிறைய கம்பெனிகளில் முதலில் படிப்பது சாஃப்ட்வேர்தான், அதுவும் இப்படித்தான் படித்திருக்கும். இப்போது பக்கம் முழுக்க ஒரே பட்டை, கறுப்பு எழுத்து, டேபிள் கிடையாது. அனுப்பும் முன் ஒவ்வொரு தடவையும் நோட்பேடில் ஒட்டிப் பார்க்கிறேன்.

விளம்பரத்தில் அவர்கள் கேட்ட வார்த்தை என் வேலையில் உண்மையாகவே இருந்தால் அதே வார்த்தையைப் போடுகிறேன், இல்லாததைப் போடுவதில்லை. 35 இடத்துக்கு அனுப்பி 9 இன்டர்வியூ வந்தது, ஒன்றில் சேர்ந்தேன். வேலையில் இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்ததைச் சேர்த்துவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துபோகிறது.

நேரில் போய்க் கொடுக்கும் இடங்களில் மட்டும் போட்டோ ஒட்டிய பிரதியை இன்னும் கேட்கிறார்கள். அதற்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன்.