பழைய சைக்கிளுக்கு ரிம் பிரேக்கும் லீவரும்: நான்கு வருடம் ஓட்டிய அனுபவம்

அப்பா ஓட்டிய ஸ்டீல் சைக்கிளை நான்கு வருடத்துக்கு முன் முழுக்கப் பிரித்து, துடைத்து, மறுபடியும் பூட்டினேன். ஃபிரேமும் ஃபோர்க்கும் கெட்டியாக இருந்தன. சக்கரங்கள்தான் போயிருந்தன. 27 அங்குல இரும்பு ரிம், குரோம் உரிந்து துருவேறிக் கிடந்தது. அவற்றை எடுத்துவிட்டு 700சி என்ற அளவில் அலுமினிய ரிம் போட்டேன். பெயிண்ட், சீட், பெடல் எல்லாம் சீக்கிரம் முடிவாகிவிட்டன. பிரேக்கும் லீவரும்தான் நாள் கணக்கில் இழுத்தன, அதிலும் முதல் தடவை லீவரைத் தப்பாகப் போட்டேன். இப்போது 11,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. எது நின்றது, எது தேய்ந்தது என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது.

முதலில் ரிம். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்காமல் வழுக்கும். மேலே எவ்வளவு நல்ல பிரேக் போட்டாலும் அந்தக் குறை தீராது. பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் பிரேக்குக்கு முன்னால் ரிம்மை மாற்றிவிடுங்கள்.

ஆனால் ரிம் மாறினால் பிரேக்கின் கணக்கும் மாறும். 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சி ரிம்மில் 622. விட்டத்தில் 8 குறைந்தால் ஆரத்தில் 4 குறையும். நாலு மில்லிமீட்டர்தானே என்று நினைத்துத்தான் பழைய பிரேக்கையே மாட்டிப் பார்த்தேன். கட்டையை பிரேக் கையில் உள்ள வெட்டின் அடிவரை இறக்கியும் மேல்விளிம்பு டயரைத் தொட்டது. அப்படியே ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டு, ஒருநாள் ஓடும்போதே வெடித்துவிடும்.

எனவே அளவு எடுக்க வேண்டும். பிரேக்கை மாட்டும் ஓட்டையின் நடுவிலிருந்து, ரிம்மில் கட்டை பதியும் பட்டையின் நடுவரை எவ்வளவு தூரம் என்பதுதான் ரீச். சக்கரத்தைச் சரியாக உட்காரவைத்து நட்டை இறுக்கிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு ஆறு மில்லிமீட்டர் போல்ட்டைச் செருகி, அதன் நடுவிலிருந்து ஸ்கேலை நேராக இறக்கினேன். முன்னால் 61, பின்னால் 66. பின்சக்கரம் முன்னும் பின்னும் நகரும் வகை ஃபிரேம் என்றால், செயின் இறுக்கம் வைத்து ஓட்டும் இடத்திலேயே சக்கரத்தை நிறுத்தி அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏமாற்றும்.

இப்போதைய ரேஸ் சைக்கிள் பிரேக்குகளின் ரீச் பெரும்பாலும் 39 முதல் 49 வரை. நடுத்தர வகை 47 முதல் 57. எனக்கு இரண்டுமே எட்டாது. டெக்ட்ரோ ஆர்559 என்ற நீளக் கை பிரேக்கின் ரீச் 55 முதல் 73 வரை என்பதால் அதை வாங்கினேன். ஒன்றை மனதில் வையுங்கள்: கட்டை கீழே இறங்க இறங்க பிரேக்கின் பலம் குறையும். கீழ்க்கை நீள்கிறது, வயர் இழுக்கும் மேல்க்கை அப்படியே இருக்கிறது. அதனால் தேவைக்குமேல் நீளமானதை வாங்காதீர்கள். பழைய ஃபோர்க் என்றால் போல்ட்டையும் பார்த்து வாங்குங்கள். அந்தக் காலத்து ஃபோர்க்கில் போல்ட் முழுக்க ஊடுருவிப் பின்பக்கம் வெளியே நட்டு போட்டு முறுக்குவது வழக்கம். புதுசுகளில் நட்டு ஓட்டைக்குள்ளேயே புதைந்துவிடும், அதற்குப் பின்பக்க ஓட்டை 8 மி.மீ. வேண்டும். துளைக்கருவியை எடுக்க எனக்கு மனசில்லை, வெளிநட்டு வகையையே தேடி வாங்கினேன்.

அடுத்தது லீவர். மலைச் சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றிய லீவர் ஜோடி கைவசம் இருந்தது. ஹேண்டில்பாரில் கச்சிதமாக உட்கார்ந்தது, வயரின் தலையும் பொருந்தியது. பிடித்துப் பார்த்தால் கல் மாதிரி இறுக்கம். இம்மி அசைந்ததும் கட்டை ரிம்மைப் பிடித்துக்கொண்டது. அடடா, எவ்வளவு பலம் என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாவது வாரம் மழையில் ஒரு நீண்ட இறக்கத்தில் இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்தும் வண்டி நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. அடுத்த வளைவு வரை இழுத்துக்கொண்டே போனது. விரல் மூட்டு வெளுத்துப்போயிருந்தது. அன்று கீழே விழாதது நல்ல காலம்.

வீட்டுக்கு வந்து லீவரைக் கழற்றி அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. லீவர் திரும்பும் ஆணிக்கும் வயரின் தலை உட்காரும் குழிக்கும் நடுவே உள்ள தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்தத் தூரம் அதிகமென்றால் வயர் நிறைய நகரும், ஆனால் குறைந்த விசையோடு. தூரம் குறைவென்றால் வயர் கொஞ்சமே நகரும், அதிக விசையோடு. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ 1996-ல் கொண்டுவந்த வி-பிரேக்கில் ரிம்மின் இரு பக்கமும் தனித்தனிக் கை நிற்கும், அந்தக் கைகள் நெட்டையானவை. அவற்றுக்குப் பழைய பிரேக்கைவிடச் சுமார் இரண்டு மடங்கு வயர் இழுக்க வேண்டும், விசை பாதி போதும். மலைச் சைக்கிள் லீவர் அதற்கென்று செய்தது. அதை என் காலிப்பர் பிரேக்கில் (டயருக்கு மேலே ஒரே போல்ட்டில் தொங்கி ரிம்மை இரு பக்கமும் கவ்வும் வகை) மாட்டியதால் கட்டைக்குப் பாதி விசைதான் போய்ச் சேர்ந்தது.

கையில் கல்லாகத் தெரிவதைப் பலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கைக்கு எதிராக வயர் கெட்டியாக நிற்கிறது, அவ்வளவுதான். சரியான ஜோடியில் லீவர் முதலில் லேசாக நகர்ந்து, கட்டை தொட்ட பிறகும் மெத்தென்று இன்னும் கொஞ்சம் உள்ளே வரும். அந்த மென்மையில்தான் பலம் இருக்கிறது. தலைகீழாக மாட்டினால், அதாவது காலிப்பர் லீவரை வி-பிரேக்கில் போட்டால், பிடிப்பு முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் வயர் போதிய அளவு நகராது, கட்டை கொஞ்சம் தேய்ந்ததும் லீவர் ஹேண்டில்பாரில் வந்து முட்டிவிடும். இது இன்னும் ஆபத்து.

குறைந்த இழுப்பு லீவர் ஒரு ஜோடி வாங்கி மாற்றினேன். அதே பிரேக், அதே கட்டை, அதே இறக்கம். இரண்டு விரல் போதுமானதாக இருந்தது.

வளைந்த ஹேண்டில்பார் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டெக்ட்ரோ ஆர்எல்340 லீவர் காலிப்பருக்கானது, ஆர்எல்520 லீவர் வி-பிரேக்குக்கானது. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பழைய சாமானில் வாங்கும்போது எண்ணைப் படித்துப் பார்த்துவிடுங்கள். ஷிமானோவும் 2008-ல் வந்த 7900 வரிசையிலிருந்து ரோடு லீவரின் இழுப்பை மாற்றியது. புது லீவரோடு பழைய காலிப்பரைச் சேர்த்தால் பிடிப்பு கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். கியர் வயரின் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக்கின் அழுத்தத்தில் அவை பிய்த்துக்கொண்டு வரக்கூடும். பிரேக்குக்குச் சுருள் கம்பி உறைதான் வேண்டும். உறையை வெட்டியதும் முனையை அரத்தால் தட்டையாக ராவி, நசுங்கிய உள்குழாயை ஊசி விட்டு அகலப்படுத்திய பிறகே தொப்பி மாட்டுவேன். பின்பிரேக்கில் பஞ்சு மாதிரி தொய்வு இருந்தால் பாதிக் காரணம் சரியாக ராவாத முனைதான். முதல் செட் வயர் இரண்டரை வருடம் வந்தது. லீவருக்குள் தலைக்குப் பக்கத்தில் ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து மாற்றினேன். அந்த இடம் வெளியே தெரியாது. லீவரை முழுக்க இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கட்டை விஷயத்தில் எனக்கு இப்போது மாற்றுக் கருத்தே இல்லை. பிரேக்கோடு வந்த கறுப்புக் கட்டை உலர்ந்த சாலையில் பரவாயில்லை, மழையில் சுமார்தான். போதாததற்கு அரைக்கும் சத்தம் வேறு. கழற்றிப் பார்த்தால் அதன் முகத்தில் வெள்ளி மாதிரி மின்னும் துணுக்குகள் பதிந்திருந்தன. எல்லாம் என் ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியம். குண்டூசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்து, மணல் தாளில் தேய்த்து மாட்டினேன். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. பிறகு கூல்ஸ்டாப் சால்மன் நிறக் கட்டைக்கு மாறினேன். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிறது, துணுக்கு சேருவது மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் மாதம் ஒருமுறை ரிம்மைத் துணியால் துடைத்து, கட்டையின் முகத்தைப் பார்க்கும் பழக்கத்தை விடவில்லை.

கட்டை கீச்சிட்டால் முன்முனை ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடும்படி சாய்த்து வையுங்கள். பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே மடித்த அட்டையைச் செருகி, லீவரைப் பிடித்தபடி நட்டை முறுக்கினால் போதும்.

குறை என்றால் ஒன்று உண்டு. என்னுடைய இரட்டை முளை காலிப்பர் (கைகள் இரண்டு அச்சில் திரும்பும் வகை) ரிம்முக்கு மிக நெருக்கமாக நிற்பதால் சக்கரத்தில் சின்னக் கோட்டம் விழுந்தாலும் உரசும். பழைய ஒற்றை முளை பிரேக் சக்கரத்தோடு கொஞ்சம் ஆடிக்கொடுக்கும், இது கொடுக்காது. வருடத்துக்கு இரண்டு தடவை ஸ்போக் முறுக்கிக் கோட்டம் எடுக்கிறேன். மற்றபடி 32 மி.மீ. டயரும் மட்கார்டும் தாராளமாக நுழைகின்றன. பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும்போது காலிப்பரின் சின்ன நெம்பை மேலே தூக்கினால் போதும்.

போன மாதம் ரிம் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். முன் ரிம்மின் பக்கம் லேசாகக் குழிந்திருக்கிறது, ஸ்கேலுக்கும் உலோகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. தேய்மானத்தைக் காட்டும் பள்ளமும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்னும் ஓட்டினால் காற்றின் அழுத்தத்தில் சுவர் பிளந்துகொள்ளும் என்பதால் புது ரிம் வாங்கி வைத்திருக்கிறேன், அதே 622. பழைய ஹப்பில் ஸ்போக் கோக்கும் வேலை பாதியில் இருக்கிறது. பிரேக்கும் லீவரும் அப்படியே, கட்டையின் உயரத்தை மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.