ஏழு ஆண்டுகளாக ஒரு ரோட்டரி கார்: எஞ்சினில் பெட்ரோல் தேங்காமல் பார்த்துக்கொண்ட அனுபவம்

சிங்கப்பூரில் ஏழு ஆண்டுகளாக மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஓட்டி வருகிறேன். 2008இல் பதிவான வண்டி. இங்கே கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழ் மேலும் 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்ட நிலையில் என்னிடம் வந்தது. இதன் ரெனிசிஸ் எஞ்சின் ரோட்டரி வகை: மேலும் கீழும் நகரும் பிஸ்டன்களுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் உள்ளே சுழலும். ரோட்டர் ஒன்றுக்கு 654 சிசி வீதம் 1,308 சிசி கொள்ளளவுள்ள அது, நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் வரை அதிர்வின்றி ஏறும் விதம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. ஆனால் இந்த எஞ்சினை வைத்திருப்பவர் முதலில் கற்க வேண்டியது, அதை எப்படி நிறுத்துவது என்பதைத்தான்.

வாங்கிய இரண்டாம் மாதமே நான் அந்தத் தவற்றைச் செய்தேன். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மின்தூக்கிக்கு அருகே ஓர் இடம் காலியானதைப் பார்த்து, வண்டியைக் கிளப்பி, முப்பது மீட்டர் நகர்த்தி, உடனே நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகவும் ஒரே சீராகவும் சுழன்றதே தவிர எஞ்சின் பற்றவில்லை. வெளியே பெட்ரோல் வாடை வீசியது. நான் மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கணினி கூடுதலாகப் பெட்ரோல் செலுத்தும். அது எரிந்து தீருமுன் நிறுத்திவிட்டால், எஞ்சியது ஸ்பார்க் பிளக்குகளை நனைப்பதோடு, உட்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடுகிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்கள் காற்றுக் கசியாமல் அடைத்து நிற்க அந்தப் படலம் தேவை. அது போனால் கம்ப்ரெஷன், அதாவது பற்றுவதற்கு முன் உள்ளே காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும் அளவு, குறைகிறது. கம்ப்ரெஷன் இல்லாமல் எஞ்சின் பற்றுவதில்லை. பற்றாத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால் இன்னும் பெட்ரோல்தான் சேருகிறது. நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நானும் எண்ணியிருந்தேன். 28 டிகிரி நமக்குப் புழுக்கமாக இருக்கலாம். 80 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் எஞ்சினுக்கு அதுவும் குளிர்தான்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது எளிது. ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தியபடி சாவியைத் திருப்பினால் கணினி பெட்ரோல் செலுத்துவதை நிறுத்திவிடும். பத்து விநாடிக்கு மேல் போகாமல் சுழற்றி, ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, மறுபடி முயலலாம். ஆனால் இது தெரியவருமுன் என் பேட்டரி தீர்ந்துபோனது. இழுவை வண்டியில் காக்கி புக்கிட்டிலுள்ள ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். இடப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றி, நான்கு பிளக்குகளையும் எடுத்து, அறைகளைக் காயவிட்டு, துளைகளில் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்ட பிறகே அது புகையைக் கக்கியபடி உயிர்பெற்றது.

அதற்குப் பின் ஒருமுறைகூடப் பெட்ரோல் தேங்கவில்லை. காரணம் ஒரே ஒரு பழக்கம்: வெப்பமானியின் முள் நடுவுக்கு வரும்வரை ஓட்டப்போவதில்லை என்றால் நான் சாவியையே தொடுவதில்லை. வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டுமா, கியரை விடுவித்து, பக்கத்து வீட்டு அண்ணனைத் துணைக்கு அழைத்துத் தள்ளுகிறோம். நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கும் வழியும் இங்கே இல்லை, ஏனெனில் நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். ஆகவே கிளப்பியதும் புறப்பட்டு, முள் ஏறும்வரை 4,000 சுற்றுகளுக்குள் மென்மையாக ஓட்டுகிறேன். முள் நின்ற பிறகும், எண்ணெய் சூடாவதற்காக, மேலும் சில நிமிடங்கள் பொறுக்கிறேன். தவிர்க்க முடியாமல் குளிர்ந்த நிலையில் நிறுத்த நேர்ந்தால் 3,000 சுற்றில் பத்து விநாடி வைத்திருந்து நிறுத்தலாம் என்பார்கள். நான் இருமுறை அப்படிச் செய்து தப்பித்திருக்கிறேன், ஆனால் அதை நம்பி வண்டியைக் கிளப்ப மாட்டேன்.

பராமரிப்பில் நான் கருமித்தனம் காட்டாத இடம் மின்பொறி. ஒவ்வொரு ரோட்டருக்கும் முந்திப் பற்றும் பிளக் ஒன்று, பிந்திப் பற்றும் பிளக் ஒன்று. இரண்டும் வெவ்வேறு வகை, மாற்றிப் பொருத்தக் கூடாது. இவற்றை 25,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில்கள் நான்கையும் ஒருமுறை மாற்றினேன். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழன்றாலும் கிளப்புவது கடினமாவதால், வேகமாகச் சுழலும் பிற்கால ஸ்டார்ட்டரைப் பொருத்தியதும் நல்ல பேட்டரி வைத்ததும் நான் செய்த மிகப் பயனுள்ள செலவுகள். இந்த எஞ்சின் தன் உராய்வைத் தடுக்க எண்ணெயையும் சேர்த்தே எரிப்பதால், இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒருமுறை எண்ணெய் மட்டத்தைப் பார்க்கிறேன்.

ஊருக்குப் போகும் காலம்தான் மிக ஆபத்தானது. சென்ற ஆண்டு திருச்சிக்கு மூன்று வாரம் போனபோது, “வண்டி சும்மா நிக்குமேப்பா, தம்பிகிட்ட சொல்லி தினம் அஞ்சு நிமிஷம் ஓடவிடச் சொல்லவா?” என்று அம்மா அக்கறையோடு கேட்டார். மற்றக் கார்களில் பலரும் செய்வது அதுதான். இந்தக் காரில் பெட்ரோல் தேங்க அந்த ஐந்து நிமிடமே போதும். பேட்டரியின் எதிர்மின்முனையைக் கழற்றி வைத்துவிட்டு, சாவியைத் தம்பியிடம் கொடுத்தேன்: எடுத்தால் தீவு விரைவுச்சாலையில் 20 கிலோமீட்டராவது ஓட்டு, இல்லையென்றால் தொடவே வேண்டாம். அவன் தொடவில்லை. நான் திரும்பி வந்து பேட்டரியை இணைத்தபோது முதல் திருப்பிலேயே கிளம்பியது.