கைக்கணக்கா, மென்பொருளா? ஒரு பீமை வைத்து அலசல்

4 மீட்டர் நீளமுள்ள ஐஎஸ்எம்பி 250 ஸ்டீல் பீம் (250 மில்லிமீட்டர் உயரமுள்ள, I வடிவ இந்தியத் தர உத்திரம்). அதன்மேல் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சீரான பளு. நடுவில் எவ்வளவு தொய்யும்? பீம் சமன்பாட்டைத் தீர்த்து வந்த சூத்திரத்தில் எண்களைப் போடலாம். பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளிலும் ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் சூத்திரம். முனைகள் தாங்கியின்மேல் சும்மா உட்கார்ந்து, தாராளமாகச் சுழல முடிந்தால் தொய்வு சுமார் 6.5 மில்லிமீட்டர். முனைகள் துளியும் சுழலாதபடி இறுகியிருந்தால் 1.3 மில்லிமீட்டர். பீமும் அதேதான், பளுவும் அதேதான். எல்லை நிபந்தனை, அதாவது முனைகளைப் பிடித்திருக்கும் விதம், மட்டும் மாறியதில் விடை ஐந்து மடங்கு மாறிவிட்டது. பீமை வளைக்கும் திருப்புவிளைவான வளை திருப்புத்திறனின் உச்சமும் இடம் மாறுகிறது: முதல் வகையில் நடுவில் 40 கிலோநியூட்டன் மீட்டர், இரண்டாவதில் முனைகளில் 26.7.

மென்பொருளிலும் இதே கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். முனையைத் தேர்ந்தெடுத்து 'ஃபிக்ஸட்' என்று சொடுக்கினால் அது மறுபேச்சில்லாமல் 1.3 என்று சொல்லும். ஆனால் தளத்தில் அந்த முனையை இரண்டு ஆங்கிளும் நாலு போல்ட்டும்தான் பிடித்திருக்கின்றன என்றால், நிஜத் தொய்வு 6.5-க்குப் பக்கத்தில் இருக்கும். மெஷ்ஷை, அதாவது மென்பொருள் பிரிக்கும் துண்டுகளின் வலையை, எவ்வளவு பொடியாக்கினாலும் இந்தப் பிழை போகாது.

சூத்திரத்தை எனக்குப் பிடிக்கக் காரணம், எது எதைப் பொறுத்தது என்று அது காட்டிவிடும். நீளம் அதில் நான்காம் அடுக்கில் நிற்கிறது. நீளத்தை இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு. மென்பொருளில் இதைத் தெரிந்துகொள்ளப் பலமுறை ஓட்ட வேண்டும்.

ஆனால் வடிவம் கொஞ்சம் கோணினாலே சூத்திரம் கையை விரித்துவிடும். இழுக்கப்படும் தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) மூன்று மடங்காகும் என்று 1898-லேயே ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் தீர்வு கண்டார். அது முடிவில்லா அகலமுள்ள தகட்டுக்கான விடை. குறுகலான தகடு, பக்கத்தில் இன்னொரு துளை, வளைந்த விளிம்பு என்றால் மென்பொருளே கதி.

அதற்காக அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லைப்னர் ஏ எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. வடிவமைத்தபோது போட்ட மென்பொருள் கணக்கில், முக்கியமான சுவர்களில் மெஷ் சரியாக அமையாததால் ஷியர் விசை (சுவரைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை) 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. அங்கே கம்பி கட்டியதிலும் குறை இருந்தது. பின்னர் அதே ஃபைனைட் எலிமென்ட் முறையில் கவனமாகச் செய்த கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். ஆக, கருவியால் முடியாத வேலை இல்லை அது. அந்தச் சுவரை ஒரு பீமாக எண்ணி, முனையில் வரும் ஷியரைக் கையால் போட்டிருந்தாலே சந்தேகம் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

என் தேர்வு இதுதான்: நேரான பீம், குழாய், தகடு என்றால் சூத்திரமே போதும். சிக்கலான உருப்படி என்றால் மென்பொருள், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு எல்லைகளையும் கையால் போட்டு வைப்பேன். நம் பீமுக்கு மென்பொருள் 1.3-க்கும் 6.5-க்கும் இடையில் சொன்னால் சரி. 40 என்று சொன்னால் முதலில் அலகுகளையும், அப்புறம் முனைகளையும் பார்ப்பேன்.